பதினொரு பேர் ஏறிய வண்டி

அந்த வண்டி ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தது 1996 செப்ரெம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். இழுவை லொறி ஒன்று அதை முதுகில் சுமந்துகொண்டு வின்சன்றின் கராஜுக்குப் பின்பக்கம் வந்து நின்றது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த மூன்று மெக்கானிக்குகளும் கையைத் துடைத்தபடி வெளியே வந்துவிட்டார்கள். முன் கவுண்டரில் இருந்த ஜெயமலரால் மட்டும் எழும்ப முடியவில்லை. ஒரு பழைய காரின் பிரேக் சிலிண்டரைத் தேடி நாலாவது கடையுடன் ரெலிபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜெயமலருக்கு வயது நாற்பத்தொன்று. எந்தக் காருக்கு எந்தப் பார்ட்ஸ், அது எந்தக் கடையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் எதைக் கொண்டு சமாளிக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கராஜில் அவள் பொறுப்பு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் களஞ்சியத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். கனடா வந்த பிறகு நாலு வருடம் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தாள். பிறகு தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து வின்சன்றிடம் வந்தாள். வந்த அன்றைக்கு வின்சன்ற் மேசையில் கிடந்த ஒரு பெயரிங்கைக் காட்டி, "இது என்ன சைஸ் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றான். அவள் உள்வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னாள். அடுத்த நாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டான். அவளைவிட ஆறு வயது இளையவன். முதலாளி என்றாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

பிரேக் சிலிண்டர் ஒருவழியாகக் கிடைத்ததும் அவளும் பின்பக்கம் போனாள். அங்கே நின்ற வண்டியைப் போல ஒன்றை அவள் முன்பு கண்டதில்லை. அதன் உடம்பில் ஒரு இடத்திலும் வளைவே கிடையாது. எல்லாம் தட்டையான தகரத்தை மடித்து மடித்துச் செய்தது. கண்ணாடிகள்கூட யன்னல் கண்ணாடி மாதிரித் தட்டையாக, நேர்கோட்டில் வெட்டியவை. கதவுகள் கேற்றுக்குப் போடும் கொளுக்கிப் பிணைச்சலில் தொங்கின. ஸ்ரியரிங் வலப்பக்கம் இருந்தது. பின்னால் திறந்த பெட்டி, அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்க நீட்டு வாங்கு. பச்சைப் பெயின்ற் தூரிகையால் பூசியது என்பது கிட்டப் போனால் தெரிந்தது. முன் தகட்டில் கையால் எழுதியிருந்தார்கள்: இம்பொங்கோலோ.

"அப்பிடியெண்டா அங்கத்தைப் பாசையிலை கழுதையாம்," என்றான் வின்சன்ற்.

வண்டிக்குப் பின்னால் காரில் வந்திறங்கியவள் ஹெலன் டொயல். டான்ஃபோர்த் வீதியில் ஒரு தேவாலயத்தின் மேல்மாடியில் இயங்கிய சிறிய உதவி நிறுவனம் ஒன்றின் அலுவலர். அந்த நிறுவனத்தின் வான் இரண்டும் வின்சன்றிடம்தான் திருத்த வரும். அவள் ஆங்கிலத்தில் விஷயத்தை விளங்கப்படுத்தினாள். மொசாம்பிக்கில் போர் முடிந்து நாலு வருடம். கிராமத்து வைத்தியசாலைகளுக்கு நாற்பது வண்டி தேவை. பெரிய கம்பனிகளின் ஜீப்புகள் போனால் ஒரு வருடம் ஓடும், பிறகு ஒரு சின்னச் சாமான் இல்லாமல் மரத்துக்குக் கீழே கிடக்கும். சிம்பாப்வேயில் புலவாயோ என்ற பட்டினத்தில் மோயோ என்று ஒருவர், பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு இந்த வண்டியைச் செய்கிறார். வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து. ஒன்றை மாதிரிக்கு எடுப்பித்திருக்கிறோம். வீதியில் ஓட்ட இங்கே அனுமதி இல்லை. எங்களுக்குத் தேவை ஒரு பட்டியல்.

"என்ன பட்டியல்?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"இதில் உள்ள ஒவ்வொரு சாமானும் என்ன, எந்த வாகனத்திலிருந்து எடுத்தது, தேய்ந்தால் எங்கே வாங்கலாம். மோயோவிடம் பட்டியல் கிடையாது. எல்லாம் தன் தலைக்குள் இருக்கிறது என்கிறார். நவம்பர் கடைசியில் எங்கள் நிர்வாக சபை கூடி முடிவெடுக்கும்."

வின்சன்ற் ஜெயமலரைப் பார்த்தான். வேறு ஆரால் முடியும் என்ற பார்வை அது.

அன்றைக்குப் பின்னேரமே அவள் தொடங்கினாள். கவுண்டரில் ஆள் குறைந்த நேரமெல்லாம் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போய்விடுவாள். எஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரு பழைய ஜப்பான் பிக்கப்பினுடையவை. அது முதல் நாளே தெரிந்துவிட்டது. முன் விளக்குகள் ரக்ரருக்குப் போடுபவை. எண்ணெய்த் தாங்கியின் மூடி ஏதோ தண்ணீர்ப் பம்பினுடையது. இடது கதவையும் வலது கதவையும் அளந்தபோது இரண்டும் ஒன்றே என்று கண்டாள். கழற்றித் தலைகீழாக மாட்டினால் அது இதாகிவிடும். இதை யோசித்த மனிதன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று அவளுக்கு அறிய வேண்டும்போல் இருந்தது.

நாலாம் நாள்தான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு போல்ட்டின் அளவையும் அவள் எழுதி வந்தாள். கொப்பியின் மூன்று பக்கம் நிறைந்த பிறகு மேலிருந்து கீழே பார்த்தால், திரும்பத் திரும்ப மூன்று இலக்கம்தான் இருந்தது.

"வின்சன்ற், ஒருக்கா வாங்கோ."

"என்னக்கா, ஏதும் உடைஞ்சு கிடக்கே?"

"இல்லை. இந்த வண்டி முழுக்க மூண்டு ஸ்பானர்தான். பதின்மூண்டு, பதினேழு, பத்தொன்பது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் உள்ளுக்கை மட்டும்தான் வேறை."

வின்சன்ற் நம்பவில்லை. மூன்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் வண்டியைச் சுற்றி வந்தான். கீழே படுத்தான். கதவு, இருக்கை, மட்காட், ஸ்பிரிங், எண்ணெய்த் தாங்கி என்று கால் மணி நேரம் ஒன்றொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு எழும்பினான்.

"ஆரக்கா உதைச் செய்தவன்?" என்றான். குரலில் கொஞ்சம் மரியாதை ஏறியிருந்தது. "ட்ரைவர் மூண்டு ஸ்பானரைச் சீற்றுக்குக் கீழை வைச்சிருந்தாக் காணும். எந்தக் காட்டுக்குள்ளையும் கழட்டிப் பூட்டலாம்."

அடுத்த கிழமை அவள் வண்டியை உயர்த்தச் சொல்லி அடிப்பக்கத்தையும் முடித்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினெட்டுப் போல்ட். இருநூற்றுப் பதினாறு சரியாக வந்தன. இரண்டு வரவில்லை.

அந்த இரண்டும் இடப்பக்கப் பின் ஸ்பிரிங்கை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புப் பிடியில் இருந்தன. பதின்மூன்று ஸ்பானர் உள்ளே போகவில்லை. பதினேழு சுழன்றது. மெக்கானிக் ஒருவனின் பெட்டியில் கிடந்த பழைய அங்குல ஸ்பானர் ஒன்றுதான் கச்சிதமாகப் பொருந்தியது.

"கையிலை அம்பிட்டதைப் போட்டிருப்பாங்கள். விடுங்கோ," என்றான் வின்சன்ற்.

"இருநூத்திப் பதினாறு இடத்திலை அம்பிட்டதைப் போடாதவன் ரெண்டு இடத்திலை மட்டும் ஏன் போட்டவன்?"

"அதுக்கு இப்ப என்ன செய்யப் போறியள்?"

"கேக்கப் போறன்."

எஞ்சினுக்குப் பக்கத்தில் அறைந்திருந்த தகட்டில் ஃபாக்ஸ் இலக்கம் இருந்தது. அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதி அனுப்பினாள். அன்றிரவு மல்வேர்னில் அவர்களுடைய ரவுண்ஹவுஸில் சாப்பிட இருந்தபோது கணவர் விநாயகமூர்த்தி விசாரித்தார். அவர் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் அந்தக் கிழமை முழுக்க வீட்டில் வண்டிக் கதைதான் நடந்தது.

"இஞ்சரும், ரெண்டு ஆணிக்காக ஆபிரிக்காவுக்கு ஃபாக்ஸ் அடிச்சனீரே?"

"ஓம்."

"என்ன எழுதினனீர்?"

"ஏன் எண்டு கேட்டனான்."

"பதில் வந்தா எனக்கும் சொல்லும்," என்றார் அவர்.

பதில் மூன்றாம் நாள் வந்தது. கையெழுத்து, அச்சுப்போல நிமிர்ந்த எழுத்து. "அம்மணி, எங்கள் பட்டறையில் அங்குலப் போல்ட் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் எழுதிய பிறகு நானே போய்ப் பெட்டிகளைக் கிண்டிப் பார்த்தேன். நாளைக்கு என்னோடு பேச முடியுமா? எ. மோயோ."

அடுத்த நாள் காலை எட்டரைக்கு, கராஜ் முழுதாகத் திறக்க முன்னர், அவள் அவருக்கு ரெலிபோன் எடுத்தாள். புலவாயோவில் அப்போது பின்னேரம். பின்னணியில் தகரத்தில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. மோயோவின் குரல் தாழ்ந்த, அவசரமில்லாத குரல். அவர் முதலில் அவளைத்தான் விசாரித்தார். எங்கே வேலை பழகினாள் என்று கேட்டார். சீமெந்து ஆலை என்றதும் சிரித்தார். தான் ரெயில்வே பட்டறையில் பதினெட்டு வருடம் இருந்ததாகச் சொன்னார்.

"மூன்று அளவு என்பதை நீங்களாகவே கண்டுபிடித்தீர்களா?" என்று கேட்டார்.

"ஆம்."

"இங்கே வாங்குபவர்கள் ஒருவரும் கவனிப்பதில்லை. அம்மணி, அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றிப் பிடியின் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். என்ன இருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள்."

வின்சன்றே கழற்றினான். பிடிக்குப் பின்னால், சட்டத்தின் மேல், உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புத் தகடு வைத்து இறுக்கியிருந்தது. அதற்குப் பூசிய பச்சை மற்றப் பச்சையைவிடக் கொஞ்சம் வெளிறியது. தகட்டை எடுத்ததும் கீழே சட்டத்தில் மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது. வெடிப்பின் நுனியில் சின்னதாக, வட்டமாக ஒரு துளை.

வின்சன்ற் ரோர்ச்சை அணைத்தான்.

"உடைஞ்ச வண்டியைப் பெயின்ற் அடிச்சு அனுப்பியிருக்கிறாங்கள். உதை அப்பிடியே எழுதிக் குடுங்கோ அக்கா. நாளைக்கு ஏதும் நடந்தா எங்கடை பேர்தான் கெடும்."

"அந்த ஓட்டையைப் பாத்தனீங்களே?"

"பாத்தனான். வெடிப்பு மேலை ஓடாமல் நுனியிலை துளைக்கிறது. எல்லா மெக்கானிக்கும் செய்யிறதுதானே."

"ஒளிக்க நினைக்கிறவன் ஏன் அந்த மினக்கேடு பட்டவன்? சும்மா தகட்டை வைச்சு மூடியிருக்கலாமே."

"ஒளிச்சவன் ஒளிச்சவன்தான் அக்கா," என்றான் வின்சன்ற். அவன் சொன்னதும் பிழையென்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் அதை ரெலிபோனில் மோயோவுக்குச் சொன்னாள். மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிட்டுச் சுத்தியல் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். "இங்கிருந்து போகும்போது சட்டம் முழுதாக இருந்தது. நான் தடவிப் பார்த்து அனுப்பினேன்," என்றார். "விசாரிக்கிறேன்."

அதற்குப் பிறகு புலவாயோவில் இருந்து ஒரு தகவலும் இல்லை. வெள்ளிக்கிழமை ஹெலன் டொயல் பட்டியல் எவ்வளவில் நிற்கிறது என்று பார்க்க வந்துவிட்டாள். காலையில் வேலைக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்ததை விட்டுவிட்டு, ஜெயமலர் அவளை நேரே வண்டிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய் வெடிப்பைக் காட்டினாள். ஹெலனின் முகம் வாடிப்போனது. சபையில் ஒரு ஓய்வுபெற்ற பாலப் பொறியியலாளர் இருக்கிறார், கையால் செய்த வண்டி என்றதுமே அவர் வேண்டாம் என்றுதான் நின்றார், இதைக் கேட்டால் கதை அதோடு முடிந்துவிடும் என்றாள்.

"எனக்கு ஒரு கிழமை தாருங்கள்," என்றாள் ஜெயமலர். "வெடித்தது என்று தெரியும். எதனால் வெடித்தது என்று தெரியாது. அது தெரியாமல் பட்டியல் முடியாது."

ஹெலன் அரைமனதாகச் சம்மதித்தாள். ஜெயமலருக்கு அந்தச் சனியும் ஞாயிறும் நகரவே இல்லை. வன்னியில், மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்த தங்கச்சி எழுதிய கடிதம் அப்போதுதான் வந்திருந்தது. பக்கத்துக் கொட்டிலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ரக்ரர் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக அதில் ஒரு வரி இருந்தது. ஜெயமலர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அந்த ரக்ரர் எது, பெட்டியை எதில் கொழுவியிருப்பார்கள் என்று தன் மனம் போவதைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை ஃபாக்ஸ் வந்தது. நாலு பக்கம். எழுத்து மோயோவுடையதல்ல.

எழுதியவள் பெயர் தண்டியே. பட்டறையில் பெயின்ற் அடிப்பவள். லொறி லைசன்ஸும் இருந்ததால் செய்து முடித்த வண்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். மாதிரி வண்டியை ஜூன் மாதம் எல்லை தாண்டி பெய்ரா துறைமுகம் வரைக்கும் ஓட்டிப் போனவள் அவளே. மொசாம்பிக்குக்குள் ஒரு பாலம் திருத்துகிறார்கள் என்று பாதையை மாற்றி விட்டார்கள். சுற்றுப் பாதையில் பஸ் கிடையாது. ஓரிடத்தில் இரண்டு பெண்கள் கை காட்டினார்கள், ஏற்றினாள். கொஞ்சத் தூரத்தில் இன்னும் மூன்று பேர். கடைசியில் பெட்டிக்குள் பதினொரு பேர், சோள மூட்டைகள் வேறு. மழை அரித்துக் காய்ந்து கிடந்த ஒரு ஓடையில் இடப்பக்கப் பின் சில்லு விழுந்தது. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தாள். வெடிப்புத் தெரிந்தது. மெல்ல மெல்ல ஓட்டி அடுத்த பட்டினத்தில் ஒரு மிஷன் பட்டறைக்குப் போனாள். அங்கிருந்த கிழவர் நுனியைத் துளைத்து, பழைய உழவு யந்திரம் ஒன்றின் போல்ட் இரண்டைப் போட்டு இறுக்கிக் கொடுத்தார். பெயின்ற் அவள் பூசினாள். கொண்டுபோன பெயின்ற்றில் எண்ணெய் கூடிவிட்டதால் வெளிறிவிட்டது.

"கப்பல் அடுத்த நாள். மோயோவுக்குச் சொன்னால் வண்டியைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லுவார், நாற்பது வண்டியும் போய்விடும் என்று நினைத்தேன். பதினொரு பேரை ஏற்றியது என் பிழை. ஆறு பேருக்குத்தான் அந்த வாங்கு. ஆனால் அந்தப் பாதையில் ஆறு பேரோடு நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது." அதோடு கடிதம் முடிந்திருந்தது.

ஜெயமலர் அதைக் கவுண்டரில் வைத்து வாசித்து முடித்தாள். பிறகு வின்சன்றுக்குத் தமிழில் சொன்னாள்.

"பாத்தியளே, பிழையை ஒத்துக்கொள்ளுது அந்தப் பிள்ளை," என்றான் அவன்.

"வின்சன்ற், உந்த வண்டி அங்கை ஆஸ்பத்திரிக்குப் போனா அதிலை எத்தினை பேர் ஏறுவினம்?"

அவன் பின்பக்கக் கதவு வழியாக வண்டியை எட்டிப் பார்த்தான்.

"ஆறு பேரே?" என்றாள் அவள். "நாங்கள் ஊரிலை இருக்கேக்கை ஆறு பேரோடை போன வானை எப்பவாவது கண்டனீங்களே?"

"சரியக்கா. பதினொண்டுதான். இல்லாட்டில் பதினைஞ்சு."

"அப்ப அவ செய்தது பிழையில்லை. சரியான பரீட்சை. வெடிக்க வேண்டிய இடம் எதெண்டு ஒரு சதமும் செலவில்லாமல் காட்டியிருக்கிறா."

அன்றைக்கே இதை மோயோவுக்கு எழுதினாள். பழைய வண்டி ஏதும் பட்டறைக்கு வந்திருந்தால் அதே இடத்தைத் துடைத்துப் பார்க்கச் சொன்னாள். மோயோவின் பதில் சுருக்கமாக இருந்தது. முற்றத்தில் மூன்று வருடப் பழைய வண்டி ஒன்று நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு வெடிப்பு இருக்கிறது. நான் காணாமல் விட்டது. அதற்குக் கீழே புதிய பிடியின் படம் கீறியிருந்தார். பழையதைவிட இரண்டு மடங்கு நீளம், சட்டத்தை மூன்று பக்கமும் கட்டிப் பிடிப்பது. போல்ட் எல்லாம் பதினேழு. இரண்டு கிழமையில் பிடிகள் இரண்டும் விமானத்தில் வந்து சேர்ந்தன. வின்சன்ற் வெடிப்பை வெல்டிங் செய்து அடைத்து, அவற்றைப் பூட்டினான்.

"இனி ஏத்திப் பாக்கவேணும்," என்றாள் ஜெயமலர்.

"எதை?"

"பதினொரு பேரை."

அது நவம்பர் நடுப்பகுதிச் சனிக்கிழமை. கராஜுக்குப் பின்னால் வின்சன்ற் பழைய கார்கள் நிறுத்த வாடகைக்கு எடுத்திருந்த, தார் போடாத காணி ஒன்று இருந்தது. மெக்கானிக்குகள் அதில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். மண் பாதி உறைந்து கிடந்ததால் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்கள். அவர்கள் மூன்று பேர். விநாயகமூர்த்தி பாண் தொழிற்சாலையில் இருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சைலன்ஸர் மாற்ற வந்து காத்திருந்த தில்லையம்பலத்தாரையும் அவர் மனைவி இராஜேஸ்வரியையும் வின்சன்ற் கேட்டான்.

"எங்களை ஏத்தி உடைக்கப் போறியளோ?" என்று கேட்டார் தில்லையம்பலத்தார்.

"உடையுதோ எண்டு பாக்கப் போறம் அங்கிள்."

இராஜேஸ்வரி அன்ரி கணவரைப் பார்க்காமலே சேலையைத் தூக்கிக்கொண்டு ஏறி, வாங்கில் நல்ல இடமாகப் பார்த்து இருந்துவிட்டா. பத்துப் பேர் சேர்ந்தார்கள். பதினோராவது ஆள் ஜெயமலர். அவள் வாங்கில் இருக்கவில்லை. பெட்டியின் அடித்தட்டில் ஒரு தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்கு மேலே குப்புறப் படுத்துக்கொண்டாள். இடப்பக்கத்துப் பிடி நேரே கீழே தெரிந்தது. பிடிக்கும் சட்டத்துக்கும் குறுக்கே கூரான ஊசியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தாள். பிடி அசைந்தால் கோடு முறியும்.

வின்சன்ற் ஓட்டினான். வலப்பக்க ஸ்ரியரிங்கைப் பிடித்துப் பத்து வருடம் என்று சொல்லிக்கொண்டு, முதல் தரம் வாய்க்காலில் இறக்கியபோது எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஜெயமலரின் மூக்கில் சேறு தெறித்தது. ரோர்ச் வெளிச்சத்தில் அவள் கோட்டைப் பார்த்தாள். முறியவில்லை.

"இன்னொருக்கா."

நாற்பது தரம் போய் வந்தார்கள். இருபதாவதோடு தில்லையம்பலத்தார் பேச்சை நிறுத்திவிட்டார். இராஜேஸ்வரி அன்ரி மட்டும் ஒவ்வொரு தரமும் "கோடு இருக்கோ பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே வந்தா. இருந்தது. ஆட்களை இறக்கிய பிறகும் ஜெயமலர் எழும்பவில்லை. எத்தனை பேரில் முறியும் என்று அறியாமல் விட்டால் பாதி வேலைதான் என்றாள். ஆட்கள் திரும்ப ஏறினார்கள், மூன்று பேரின் பாரத்துக்குப் பழைய கியர்பொக்ஸுகளையும் ஏற்றினார்கள். ஏழாவது தரத்தில் கோடு ஊசிமுனை அளவுக்கு விலகியது. அவள் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

கொப்பியில் எழுதினாள்: பதினொரு பேர் சரி. பதினாலு கூடாது.

நிர்வாக சபைக்கு ஹெலன் அவளையும் வரச் சொன்னாள். தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தார்கள். ஜெயமலர் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். வெடிப்பு, தகடு, தண்டியேயின் கடிதம், வாய்க்கால். பாலப் பொறியியலாளர் மெலிந்த நெடிய மனிதர். பதினொன்று என்பதை எந்தக் கணக்கில் வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

"கணக்கில்லை. படுத்திருந்து பார்த்தேன்," என்றாள் அவள்.

மேசையில் ஒருவர் சிரித்தார். பொறியியலாளர் சிரிக்கவில்லை. கொப்பியைக் கேட்டு வாங்கி, அவர்கள் வேறு விஷயம் பேசத் தொடங்கிய பிறகும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நீங்கள் என்றால் எத்தனை வாங்குவீர்கள்?" என்றார்.

"பத்து. ஒரு மாரி முழுக்க ஓடவிட்டுப் பார்ப்பேன். பிறகு மிச்சம்."

பத்து என்றே முடிவானது. ஹெலனுக்குச் சந்தோசம். மோயோவுக்கு அவ்வளவு சந்தோசமில்லை. நாற்பதை நம்பிப் பட்டறைக்குப் புதிதாக ஒரு கூரை போடத் தொடங்கியிருந்தார். அதை ஃபாக்ஸில் ஒளிக்காமல் எழுதினார். கீழே இன்னொரு பந்தி இருந்தது. தண்டியேயை வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னேன், நாலாம் நாள் நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன், அவளைப்போலப் பெயின்ற் அடிக்க இங்கே ஆளில்லை. இனி ஒவ்வொரு புது வண்டியையும் பதினொரு பேரை ஏற்றி ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்போம். ஆட்களைச் சேர்ப்பது அவள் பொறுப்பு.

ஜெயமலரின் பட்டியல் டிசம்பரில் முடிந்தது. அறுபத்திரண்டு பக்கம். அதை அனுப்பிய பிறகு, கேட்க ஒரு காரணமும் இல்லாத ஒரு கேள்வி அவளிடம் மிஞ்சியிருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் புலவாயோவுக்கு எடுத்து, தண்டியேயோடு பேச வேண்டும் என்றாள்.

தண்டியே பயந்துகொண்டுதான் வந்தாள். குரல் அப்படி இருந்தது.

"வண்டியைப் பற்றி இல்லை," என்றாள் ஜெயமலர். "அந்தப் பதினொரு பேரும் யார்?"

தண்டியே சிரித்தாள்.

"ஒருவரும் இதைக் கேட்கவில்லை," என்றாள். "முதல் ஏறிய இரண்டு பேரும் அக்கா தங்கை. ஒரு தையல் மெஷினை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவருடைய மனைவி, கைக்குழந்தை. குழந்தையையும் எண்ணித்தான் பதினொன்று."

"குழந்தையுமா? அப்படியென்றால் பத்தரை," என்றாள் ஜெயமலர். கை தானாகப் பென்சிலைத் தேடியது.

"ஆனால் சோளம் இருந்ததே. நாலு மூட்டை. அவை ஒரு கிழவியுடையவை, கூட மூன்று மருமகள்மார். அகதி முகாமிலிருந்து திரும்பிப் போகிறார்கள். காணி இருக்கிறதோ என்று தெரியாது, ஆனால் விதைக்க மூட்டை இருக்கிறது என்றார்கள். ஒரு பையன், சேவல் ஒன்றோடு. அவ்வளவுதான்."

ஜெயமலர் விரல் விட்டு எண்ணினாள். "பத்துத்தான் வருகிறது."

"ஓ, அவர்," என்றாள் தண்டியே. "வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். ஓடை வர முன்னர் ஏறினார். வண்டி அடிபட்டபோது அவர்தான் முதலில் குதித்துக் கல் வைத்தார். திருத்தி முடியும் வரைக்கும் மற்றவர்களோடு நின்றார். பிறகு பட்டினத்துக்கு அப்பால் வந்துகொண்டிருக்கும்போது, வீடுமில்லை, குறுக்கு ஒழுங்கையுமில்லை, வெறும் புல், கூரையில் தட்டினார். இறங்கினார். நன்றி சொல்லிவிட்டுப் புல்லுக்குள் நடந்து போனார்."

"எங்கே போனாராம்?"

"கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போதும் சிலநேரம் யோசிப்பேன்."

"பாதை ஏதும் இருந்ததா? ஒற்றையடிப் பாதை?"

"நான் பார்த்தவரைக்கும் இல்லை. ஆனால் தெரிந்த ஆளைப் போலத்தான் நடந்தார்."

"கையில் ஏதும் இருந்ததா?"

தண்டியே யோசித்தாள். "ஒரு ரேடியோ," என்றாள். "பழையது. மடியில் வைத்துக்கொண்டே வந்தார்."

அந்த ஆள் எங்கே போயிருப்பார் என்று இரண்டு பேரும் இன்னும் ஐந்து நிமிடம் பேசினார்கள்.